‘எவென்ச்சுவலி’ என்று சொன்னால் நடக்குமா, நடக்காதா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கல்வெட்டுக்காரன்:
ஜெர்மன்காரர்களோடு வேலை பார்த்தவர்களுக்கு உடனே புரியும். வாடிக்கையாளரின் ஆங்கில மெயிலில் ‘இரண்டாம் கட்டத்தையும் எவென்ச்சுவலி உங்களிடமே தருவோம்’ என்று ஒரு வரி. எங்கள் மேலாளர் அதை எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். ஆள் எடுக்கும் பேச்சுகூடத் தொடங்கிவிட்டது. அடுத்த வீடியோ அழைப்பில் ‘எந்த மாதம் ஆரம்பிக்கலாம்?’ என்று கேட்டார். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
‘எவென்ச்சுவலி என்றுதானே எழுதியிருந்தோம்?’
‘ஆமாம், அதனால்தான் கேட்கிறேன். எப்போது?’
‘எவென்ச்சுவலி!’
எதிர்ப்பக்கத்தில் இருந்த ஓர் அம்மா ஒவ்வொரு அசையாக அழுத்திச் சொன்னார். ஆங்கிலத்தில் ‘எவென்ச்சுவலி’ என்றால் ‘கடைசியில் எப்படியும்’. ஜெர்மனில் ‘எவென்டுவெல்’ என்றால் ‘ஒருவேளை’, அவ்வளவுதான். கடைசியில் கட்டாயம் தருவார்கள் என்று இவர், தரலாம் தராமலும் போகலாம் என்று அவர். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இதுபோல் வேறு யாருக்காவது?

நள்ளிரவு நிரலர்:
டேட்டாபேஸ் பயிற்சி வகுப்பு. ஸ்லைடில் பெரிய எழுத்தில் ‘எவென்ச்சுவல் கன்சிஸ்டென்சி’. பக்கத்தில் இருந்த ஜெர்மன் நண்பருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரே தகவலைப் பல கணினிகளில் நகலெடுத்து வைத்திருப்பார்கள்; புதிதாக எதுவும் எழுதாமல் விட்டால் எல்லா நகல்களும் கடைசியில் ஒரே மதிப்புக்கு வந்துசேரும் என்பதுதான் விஷயம். அவர் காதில் ‘ஒருவேளை ஒத்துப்போகும்’ என்று விழுந்திருக்கிறது. ‘விற்கிறவர்களே இவ்வளவு நேர்மையாகச் சொல்கிறார்களே!’ என்றார். எங்கள் சிஸ்டத்துக்கு அவர் அர்த்தம்தான் பொருந்தும், அது வேறு கதை.

பழஞ்சொல்:
முதல் பதிவைப் படித்தால் ஜெர்மன்காரர்கள் வார்த்தையைக் கெடுத்துவிட்டதுபோல் இருக்கிறது. விலகிப் போனது ஆங்கிலம்தான். லத்தீனில் ‘எவெனீரே’ என்றால் வெளியே வருதல், விளைதல். விளைவு எப்படியும் அமையலாம் இல்லையா, அந்த ‘அமையலாம்’தான் பிரெஞ்சு, டச்சு, ஸ்வீடிஷ் எல்லாவற்றிலும் நிற்கிறது.
என் கதை சின்னது. பிரெஞ்சு ஒப்பந்தம் ஒன்றில் ‘சேதம் ஏதும் நேர்ந்தால்’ என்ற பொருளில் வந்த இடத்தை யாரோ ‘எவென்ச்சுவல் டேமேஜ்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ‘சேதம் வந்தே தீரும் என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்களா?’ என்றார்.

சாளரம்:
பழஞ்சொல், யாரும் எங்கும் விலகவில்லை. நடப்பதற்கு முன்னால் நின்று பார்த்தால் ‘வரலாம்’, நடந்த பிறகு பார்த்தால் ‘கடைசியில் வந்தது’. ஆங்கிலம் பின்னால் போய் நின்றுகொண்டது. ஸ்பானிஷ் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது, அதை ஏன் விட்டீர்கள்? ஸ்பெயினில் வேலைக்குச் சேர்ந்த என் தோழியின் ஒப்பந்தத்தில் ‘எவெந்துவால்’ என்று இருந்தது. போகப்போக நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. அங்கே அதற்குத் தற்காலிகப் பணி என்று பொருள். அலுவலகப் பெண் ஒன்றும் பேசாமல், ஒப்பந்தம் முடியும் தேதியின்மேல் பேனாவை வைத்துக் காட்டினாராம்.

வாத்தியார்:
பிரெஞ்சு நண்பர் ஒருவர் ‘இவர்தான் எங்கள் ஆக்சுவல் டைரக்டர்’ என்று அறிமுகப்படுத்த, ‘அப்போ போலி டைரக்டர் யார்?’ என்று ஒருவர் கேட்டுவிட்டார். ‘ஆக்துவெல்’ என்றால் பிரெஞ்சில் ‘தற்போதைய’. சரி, அதை விடுங்கள். எல்லாரும் செய்யவேண்டியது இதுதான். மெயிலில் ‘எவென்ச்சுவலி’யே வேண்டாம். ஒருவேளை என்றால் ‘பாசிப்ளி’, கடைசியில் என்றால் ‘இன் தி எண்ட்’. முடிந்தால் தேதி போடுங்கள், தேதிக்கு எல்லா மொழியிலும் ஒரே அர்த்தம். (நாள் மாத வரிசை தவிர. அதனால் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.) ஐரோப்பியத் தணிக்கையாளர் மன்றம் 2013இல் இப்படித் தவறாகப் புழங்கும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலையே வெளியிட்டது, தேடிப் படியுங்கள். ‘ஆக்சுவல்’ அதில் இருக்கிறது. பணம் பேசும்போது ‘பில்லியன்’ வந்தால் நிறுத்திக் கேளுங்கள். ஆங்கிலத்தில் அது 100 கோடி. ஜெர்மனிலும் ஸ்பானிஷிலும் ஒரு லட்சம் கோடி. பிரிட்டிஷ் அரசே 1974இல்தான் 100 கோடிக் கணக்குக்கு மாறியது. பழைய ஆவணங்களில் எது என்று பார்க்காமல் கூட்டாதீர்கள். அப்புறம் ‘கான்கரன்ஸ்’. ஆங்கிலத்தில் இசைவு, பிரெஞ்சில் போட்டி. போட்டியாளரைக் கூட்டாளி ஆக்கிவிடும். அப்புறம்...

கல்வெட்டுக்காரன்:
வாத்தியாரே, கதை கேட்டேன், பாடம் கேட்கவில்லை. போலி டைரக்டர் கதையைக் கொஞ்சம் நீட்டியிருக்கலாமே!

பழஞ்சொல்:
சாளரம், முன்னால் பின்னால் என்று கோலம் போடுவதெல்லாம் இருக்கட்டும். காதலியைச் சுட்ட ஓட்டவீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் செய்தது கொலைதான் என்று 2015இல் தென்னாப்பிரிக்க உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவுசெய்தது ‘டோலுஸ் எவென்துவாலிஸ்’ என்ற லத்தீன் சட்டச்சொல்லின் அடிப்படையில். சாவு நேரக்கூடும் என்று தெரிந்தும் துணிவது. அந்த இடத்தில் உங்கள் ‘கடைசியில்’ஐப் போட்டுப் படித்துப் பாருங்கள்.

தூரத்துப் பச்சை:
சண்டைக்கு நடுவே ஒன்று. போலந்துக்காரர் ஒருவர் எங்கள் குழுவுக்கு ‘கூட்டம் செவ்வாய், எவென்ச்சுவலி புதன்’ என்று செய்தி போட்டார். போலிஷில் அதற்கு ‘அது முடியாவிட்டால் இது’ என்று பொருளாம். பாதிப் பேர் செவ்வாய் வந்தார்கள், பாதிப் பேர் புதன். அவர் இரண்டு நாளும் வந்திருந்தார், பாவம்.