12 பேருக்குக் கடப்பா: கெட்டி தட்டாம இருக்க வழி சொல்லுங்க

பாமணிக்கரை:
மன்னார்குடியிலேர்ந்து எழுதறேன். தஞ்சாவூர்ல படிச்ச 3 வருஷமும் ரூம்ல நான்தான் சமையல். ஒத்த இண்டக்‌ஷன் அடுப்பு, 3 லிட்டர் குக்கர். தக்காளி சாதம், புளி சாதம். மாசக் கடைசின்னா ரசமும் சுட்ட அப்பளமும். அப்ப புடிச்ச கிறுக்கு, இப்ப வேலைக்குப் போயும் விடல. ஞாயித்துக்கிழமை அடுப்படி என் வசம்.

போன மாசம் கூடப் படிச்ச பசங்க 6 பேரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். இட்லியும், தொட்டுக்கப் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கும்பகோணம் கடப்பாவும். 4 பேர் அளவை அப்படியே ரெட்டிப்பாக்கினேன். இறக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. பஸ் லேட்டு. முக்கால் மணி கழிச்சு மூடியைத் தொறந்தா, கரண்டி நட்டுக்க நிக்குது. "என்னடா, பொங்கலா?"ன்னான் ஒருத்தன். பச்சத்தண்ணிய ஊத்திக் கொதிக்க விட்டேன், சப்புன்னு போச்சு.

வர்ற சனிக்கிழமை 12 பேர், அதுல ரெண்டு பேர் பெரியவங்க. என் அளவு 4 பேருக்கு: பாசிப்பருப்பு 100 கிராம், உருளைக்கிழங்கு 2, அரைக்கத் தேங்கா அரை மூடி, பொட்டுக்கடலை 3 ஸ்பூன், கசகசா 1 ஸ்பூன், சோம்பு, பச்சமிளகா 6. குக்கர்ல 4 விசில்.

அரசலாத்து அத்தை:
4 விசிலா! பருப்பு களியாத்தான் போகும் தம்பி. வாசம் வர லேசா வறுத்து, தொறந்த பாத்திரத்துல வேகவை. மலரணும், கரையக் கூடாது. 12 பேருக்கு 250 கிராம் தாராளம். தேங்கா ஒன்றரை மூடி. பொட்டுக்கடலையை மட்டும் மூணு மடங்காக்காதே, 4 ஸ்பூனோட நிறுத்து; ஆற ஆற இழுக்கறது அதுவும் பருப்பும்தான். கிழங்கைக் கையால உதிர்த்துப் போடு, மிக்ஸில அடிச்சா பசை. விழுது சேர்த்து நுரைகட்டினதும் இறக்கிடு. அப்ப பார்க்க ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவுல ஓடணும், பயப்படாதே. பரிமாறும் முன்ன ஒரு சொம்பு வெந்நீர், உப்புப் போட்டு, பக்கத்துல வெச்சுக்க. எலுமிச்சம்பழம் இறக்கின பெறவு. மஞ்சத்தூள் எங்க வீட்டுல ஆகாது, கடப்பா வெளுப்பா இருக்கணும்.

புதுக்குடித்தனம்:
தக்காளி உண்டா அத்தை?

அரசலாத்து அத்தை:
போடலாம். எங்க தெருவுல அதுக்குப் பேரு குருமா.

பந்தி பார்த்தவன்:
திருவாரூர்ப் பக்கம். அண்ணன்கூடக் கல்யாணச் சமையல் வேலைக்குப் போயிருக்கேன். அத்தை சொல்றது சரி, கூட ஒண்ணு: காரமும் பட்டை கிராம்பும் ஆள் கணக்குக்கு ஏறாது. மிளகா 18 போட்டீங்கன்னா பெரியவங்க தண்ணிச் சொம்போடதான் உக்காருவாங்க. 12 கீறிப் போட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்க. இட்லி ஆளுக்கு 5, ஆக 60. இட்லி அரிசி 1 கிலோவுக்கு உளுந்து கால் கிலோ. முதல் ரெண்டு ஈடு முன்னாடியே எடுத்து ஈரத்துணி சுத்தி ஹாட்பாக்ஸ்ல வைங்க. மிச்சத்தை ஆள் உக்காந்ததும் ஏத்துங்க, கடைசி ஈடுதான் பேர் வாங்கித் தரும்.

பாமணிக்கரை:
முடிஞ்சுது! இறக்கும்போது தண்ணியா ஓடுறதைப் பார்த்துட்டு அம்மா பொட்டுக்கடலை டப்பாவோட வந்துட்டாங்க, கையப் புடிச்சு நிறுத்தினேன். ஒன்பது மணிக்கு இலையில ஊத்தினப்ப இட்லியைச் சுத்தி நின்னுச்சு, ஓடல. வெந்நீர் அரைச் சொம்புதான் செலவு. பெரியவர் ஒருத்தர் ஏழாவது இட்லிக்கு இலையை மூடுற மாதிரி மூடிட்டுத் தொறந்தார். மிளகா 12 எங்க பசங்களுக்குப் பத்தல, அடுத்த தடவை 14.

மிஞ்சினதை ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். காலைல பழையபடி கரண்டி நின்னுச்சு. அம்மா சூடு பண்ணி, தோசைக்குள்ள மசாலா மாதிரி தடவிக் கொடுத்துட்டாங்க.