புதுப்பிப்பு: வாரியக் குடியிருப்பு மறுகட்டுமானம்

சென்னையில் அரசு வாரியம் கட்டிய பழைய குடியிருப்பை இடித்து அடுக்குமாடி கட்டுவதை, பார்க்கிங் இடம் போதாது என்று பக்கத்துத் தெருக்காரர்கள் எதிர்ப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். பார்க்கிங் சண்டையை விடுங்கள். சாக்கடைதான் நிஜமான கேள்வி. மூன்று மாடிக்குப் போட்ட பழைய குழாயிலேயே புதுக் கட்டடத்தையும் இணைத்தால், முதல் மழையிலேயே தெருவின் தாழ்ந்த முனையில் மேன்ஹோல் பொங்கலாம். கழிவுநீர் இணைப்பு வரைபடம், குழாய் விட்டம், லிஃப்ட் எண்ணிக்கை, ஜெனரேட்டர் உண்டா: இந்த நான்கையும் வாரியத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'ஏன்' என்று கேட்காதீர்கள், ஆவண நகல் கேளுங்கள். விளக்கம் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள்.

பழைய குடியிருப்பில் இருந்து புது வீட்டுக்குக் காத்திருப்போருக்கு: ஒதுக்கீட்டு ஆணை, ஆதார், மின் கட்டண ரசீது மூன்றிலும் பெயர் எழுத்து மாறாமல் இருக்கட்டும். தாத்தா பெயரிலேயே ஆணை கிடந்தால் வாரிசுச் சான்றிதழை வீட்டைக் காலி செய்யும் முன்பே வாங்கிவிடுங்கள். பழைய வீட்டுச் சாவியை வாரியத்திடம் கொடுத்தபிறகு அலைச்சல்தான்.