ஏலியன் படங்களில் போர் எதிர்ப்பு நிஜமாகவே இருக்கிறதா, நாம்தான் ஏற்றிச் சொல்கிறோமா?

கடைசிவரிசை:
நேற்று ராத்திரி ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ் (1997) பார்த்தேன். ராட்சதப் பூச்சிகள், அவற்றைச் சுட்டுத் தள்ளும் லட்சணமான இளசுகள். எனக்கு அது நல்ல மசாலா படம், அவ்வளவுதான். அப்புறம் இணையத்தில் தேடினால் ஆளாளுக்கு 'இது போரைக் கிண்டலடிக்கும் படம்' என்கிறார்கள். போர் தப்பு என்று படத்தில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே? ஏலியன் படம் என்றாலே உள்ளர்த்தம் தேடுவது ஒரு பொழுதுபோக்காகிவிட்டதா, இல்லை எடுத்தவர்களே வைத்ததா?

பழைய டிவிடி:
ஒருத்தரும் சொல்லாததில்தான் விஷயமே இருக்கிறது. படம் எதில் ஆரம்பிக்கிறது? ராணுவத்தில் சேரச் சொல்லும் விளம்பரத்தில். அணிவகுத்து நிற்கும் அந்தச் சிப்பாய்கள், நாஜிகளுக்காக லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த 1935 பிரசாரப் படத்தைப் பார்த்து அப்படியே எடுத்தவை, இயக்குநர் பால் வெர்ஹோவனே இதைச் சொல்லியிருக்கிறார். அவர் 1938-இல் பிறந்தவர், ஜெர்மானியர்கள் பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், ஹேக் நகரத்தில் வளர்ந்தவர். அந்தச் சீருடைகள் எங்கிருந்து வந்தன என்று அவருக்குத் தெரியாதா என்ன?

ஆள் சேர்ப்பு அலுவலகக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். நாயகன் ரிக்கோ காலாட்படையில் சேர்ந்துவிட்டேன் என்றதும் மேஜைக்குப் பின்னால் இருப்பவர் பூரித்துப்போய், நான் இன்று இப்படி இருப்பதற்கே காலாட்படைதான் காரணம் என்கிறார். கை குலுக்க நீட்டுவது செயற்கைக் கை. நகரும்போது பார்த்தால் இரண்டு காலும் இல்லை. இசை இல்லை, சோகம் இல்லை, காட்சி அது பாட்டுக்குப் போய்விடுகிறது. நடுவே வரும் செய்தித் துணுக்கு ஒன்றில் பொடிசுகள் தெருவில் கரப்பான்பூச்சிகளை மிதித்துத் தேய்க்க, பக்கத்தில் ஒரு பெண்மணி கைதட்டிச் சிரிக்கிறாள், ஏனென்றால் அதுவும் தேசத் தொண்டு!

முட்டுச்சந்து:
அப்படியானால் படம் தோற்றுவிட்டது என்றுதான் அர்த்தம். வெளியான சமயத்தில் விமர்சகர்களிலேயே சிலர் இது ஃபாசிசப் படம் என்று திட்டித் தீர்த்தார்கள். மூலக்கதையான ஹைன்லைனின் 1959 நாவலோ ராணுவச் சேவையை மனதார உயர்த்திப் பிடிக்கிறது. ஒளித்து வைத்தது யாருக்கும் தெரியாவிட்டால் யாருக்கு லாபம்?

வெளிப்படையாகப் பேசிய படம் வேண்டுமென்றால் 1951-இல் வந்த தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். வாஷிங்டனில் பறக்கும் தட்டு வந்து இறங்குகிறது, அதில் வந்த கிளாட்டு என்ற வேற்றுக்கிரகவாசி சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்து நீட்டுகிறார், அது படக்கென்று விரிய, பயந்துபோன சிப்பாய் ஒருவன் சுட்டுவிடுகிறான். உடைந்தது என்ன தெரியுமா, மற்ற கிரகங்களின் வாழ்க்கையை ஆராய அமெரிக்க ஜனாதிபதிக்குக் கொண்டுவந்த பரிசு. பிற்பாடு உலகம் முழுக்க அரை மணி நேரம் மின்சாரத்தை நிறுத்துகிறார், ஆஸ்பத்திரிக்கும் பறந்துகொண்டிருக்கும் விமானங்களுக்கும் மட்டும் விலக்கு. (நம் மின்வாரியத்துக்கே இல்லாத கரிசனம்.) ஆனால் கடைசியில் அவர் சொல்வது இது: உங்களுக்குள் எப்படியோ போங்கள், சண்டையை விண்வெளிக்குக் கொண்டுவந்தால் பூமியைச் சாம்பலாக்கிவிடுவோம், எங்கள் ரோபோக்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். இது போர் எதிர்ப்பா, பெரிய ரவுடி சின்ன ரவுடியை மிரட்டுவதா, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை:
இன்னும் பின்னால் போங்கள். எச். ஜி. வெல்ஸ் 1898-இல் வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ் நாவலை வெளியிட்டபோது முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளை ஐரோப்பியர்கள் அழித்ததைச் சொல்லி, செவ்வாய்க்காரன் வந்து அதையே செய்தால் நாம் குறை சொல்ல முடியுமா என்று கேட்டுவிடுகிறார். அதுவும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் உச்சத்தில் இருந்தபோது, லண்டனையும் சுற்றுவட்டாரத்தையும் எரித்துக் காட்டி. ஸ்பீல்பெர்க் அதை 2005-இல் படமாக எடுத்தபோது அமெரிக்கப் படை ஈராக்கில் இருந்தது. அதில் பையனுக்குக் கொடுத்திருக்கும் வீட்டுப்பாடம், பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியாவைப் பிடித்து வைத்திருந்ததைப் பற்றிய கட்டுரை. பாதாள அறையில் ஒளிந்திருக்கும் ஆள் வேறு, ஆக்கிரமிப்பு ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது என்கிறார். இதெல்லாம் தற்செயலாக வந்து விழாது.

பாப்கார்ன் போதும்:
சரி, எல்லாப் படத்துக்கும் இதை ஒட்டாதீர்கள். இண்டிபென்டன்ஸ் டே (1996) முழுக்க முழுக்க வெற்றி முரசு, ஜனாதிபதியே போர் விமானம் ஓட்டுகிறார். அதற்கே அமெரிக்க ராணுவம் தருவதாக இருந்த உதவியை நிறுத்திவிட்டது, ஏரியா 51 என்ற ரகசிய ராணுவத் தளத்தைப் பற்றிய பேச்சைப் படத்திலிருந்து நீக்க மாட்டோம் என்று படக்குழு பிடிவாதம் பிடித்ததால்!

கடைசிவரிசை:
கால் இல்லாத ஆளைப் பார்த்தேன், சிரிக்கவும் செய்தேன். ஆனால் கடைசியில் அந்த மூளைப்பூச்சியைப் பிடித்து 'இது பயப்படுகிறது' என்று ஒருவன் கத்த, படையே ஆர்ப்பரிக்கிறதே, அங்கே எனக்கும் கைதட்டத் தோன்றியது. அதுவுமா திட்டம் போட்டுச் செய்தது?

பழைய டிவிடி:
கத்துகிறவன் என்ன உடுத்தியிருக்கிறான்? கறுப்புத் தோல் கோட்டு, நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ அதிகாரி மாதிரி. கைதட்ட வைத்ததே வெர்ஹோவன்தான். @முட்டுச்சந்து, இதைத் தோல்வி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முட்டுச்சந்து:
நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் போங்கள். @கடைசிவரிசை, கிளாட்டு படத்தைத் தேடினால் 2008 ரீமேக்தான் முதலில் வந்து நிற்கும். அதில் போரைத் தூக்கிவிட்டுச் சுற்றுச்சூழலைப் போட்டுவிட்டார்கள். கறுப்பு வெள்ளையில் இருப்பதை எடுங்கள்.