புயலுக்கு முந்தின சாயங்காலம்: உங்கள் ஊரில் என்ன நடந்தது?

வேதாரண்யத்திலிருந்து:
கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி. அதற்கு முந்தின சாயங்காலம் நாங்கள் நாலு பேர் கோடியக்காட்டில் வீடு வீடாகப் போய் எல்லாரையும் முகாமுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு கூரை வீட்டு வாசலில் ஒரு ஆத்தா, ஆட்டுக்குட்டியை மடியில் வைத்தபடி எழுந்திருக்கவே இல்லை. "நான் வந்துடுவேன் தம்பி, இதுங்கள எங்க விடுறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. முகாமில் ஆட்டுக்கு இடம் கிடையாது, கட்டிப்போட்டுவிட்டு வரச் சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் பக்கத்து மாடி வீட்டுக்காரரைக் கேட்டு, மாடிப்படிக்கு அடியில் ஏழு ஆட்டையும் அடைத்தோம். அப்புறம்தான் கிளம்பினார். ஜனங்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று அதற்குப் பிறகு நான் சொன்னதே இல்லை.

ராத்திரி நடுவில் காற்று பட்டென்று நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் வீட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். 1952 புயலைச் சின்ன வயதில் பார்த்த பெரியவர் ஒருவர் வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார். "இது புயலோட கண்ணு. இனி எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும்." அவர் சொன்னபடியே அடித்தது. முதல் காற்றில் சாய்ந்து நின்ற மரமெல்லாம் இரண்டாவதில்தான் விழுந்தது. இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு முகாமிலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கோடியக்கரையிலிருந்து:
எங்களுக்கு வேதாரண்யம் போகும் ரோடு சரணாலயக் காட்டுக்குள்தான். மரம் விழுந்தால் ஊர் தனித்தீவு. கஜா சமயத்தில் அரிவாளால் வெட்டி வெட்டிக் கை கொப்பளித்துப் போச்சு. கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, குடிதண்ணீருக்கு அல்லாடினோம். அதனால் 2020 நவம்பரில் நிவர் வருகிறது என்றதும் மரம் அறுக்கும் மெஷினையும் பெட்ரோலையும் ஊருக்குள்ளேயே வாங்கி வைத்தோம். மேல்நிலைத் தொட்டியை முந்தின நாளே நிரப்பினோம். ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் பிளாஸ்டிக் கவரில். நிவர் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. பரவாயில்லை, மெஷின் இருக்கிறது.

மான்களுக்குத்தான் நாம் ஒன்றும் செய்யவில்லை. கஜாவில் கடல் உள்ளே ஏறியபோது வெளிமான்கள் நிறைய செத்துப்போய்விட்டன. வெள்ளம் வந்தால் அவை ஏறி நிற்க மேடு போட்டிருக்கும் இடம் யாருக்காவது தெரியுமா? தெரிந்தால் எழுதுங்கள், நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.