மறு: ஏரியா ஆஃப் இன்ட்ரஸ்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். இணைய ஆட்டங்களில் வரும் 'ஏரியா ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில், மூன்று பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> "ஆர்வப் பகுதி" என்று போட்டுவிடலாமே. இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

போடலாம்தான் ஐயா. ஆனால் படிக்கிற பையன் அதை ஆட்டக்காரருக்குப் பிடித்த இடம் என்று நினைத்துக்கொள்வான். இங்கே ஆர்வத்துக்கு வேலையே இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: ஆயிரம் பேர் ஒரே உலகில் ஆடும் இணைய ஆட்டத்தில், ஒருவர் ஓரடி நகர்ந்ததை மற்ற 999 பேரின் கணினிக்கும் சொல்வதென்றால், எல்லோரும் ஒருமுறை நகர்வதற்கே 9,99,000 செய்திகள். நொடிக்கு 20 முறை இப்படி என்றால் வழங்கி (சர்வர்) படுத்துவிடும். அதனால் ஒவ்வொருவரையும் சுற்றி ஓர் எல்லை போட்டு, அதற்குள் நடப்பதை மட்டும் அனுப்புவார்கள். ஆளுக்கு 30 பேர் என்று சுருங்கினால் 30,000 செய்திகளோடு வேலை முடிந்தது. அந்த எல்லைக்குத்தான் பெயர் தேடுகிறோம். சிமுலேஷனுக்கு, அதாவது கணினியில் போலச் செய்து பார்ப்பதற்கு, 'பாவனை' என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதால் அதை மறுபடி கிளற வேண்டாம்.

> அப்படியானால் "பார்வை வட்டம்"?

முன்னதைவிட நல்ல சொல். ஆனால் பார்வையும் முழுதாகப் பொருந்தவில்லை, வட்டமும் பொருந்தவில்லை. சேலத்தில் என் மாணவர்கள் பாவனைக்கு எடுத்துக்கொண்ட வரைபடமே ஏற்காடுதான். ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் நிற்பவருக்கும் அடுத்த வளைவில் நிற்பவருக்கும் நேர்கோட்டில் பார்த்தால் கூப்பிடு தூரம்தான். வட்டம் போட்டால் இருவரும் உள்ளே வந்துவிடுவார்கள். நடுவில் பாறையும் மரமும் மறைப்பது வட்டத்துக்குத் தெரியாது. மலை விளிம்பிலுள்ள லேடிஸ் சீட்டில் போய் நின்றாலோ கதை நேர்மாறு. கீழே சேலம் விரிந்து கிடக்கிறது. அதற்காக அஞ்சு ரோட்டில் யார் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதையெல்லாம் அவருக்கு அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா? கண்ணில் படாத வெடிச் சத்தம் காதில் விழ வேண்டும். கூட்டாளி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அவருடைய ஹெல்த் (ஆட்டத்தில் மிச்சமிருக்கும் உயிர்) எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும்.

என் பரிந்துரை: புலவரம்பு. புலம் கண்ணுக்கு மட்டும் உரியதல்ல, ஐம்புலனுக்கும் பொது. வரம்பு கட்டமாகவோ அறுகோணமாகவோ கோணல்மாணலாகவோ இருக்கலாம். அப்புறம், இதிலிருந்து வேறு சொற்களும் பிறக்கின்றன. எல்லையோரம் நிற்பவர் உள்ளே வெளியே என்று மாறி மாறித் துள்ளாமலிருக்க, சேர்ப்பதற்கு ஓர் எல்லையும் நீக்குவதற்குச் சற்றுப் பெரிய இன்னோர் எல்லையும் வைப்பதுண்டு. உள்வரம்பு, வெளிவரம்பு என்று சொல்லிவிடலாம். "ஆர்வப் பகுதி"யை வைத்து இதைச் சொல்லிப் பாருங்கள்.

> புலவரம்பு என்றால் எங்கள் ஆத்தூர்ப் பக்கம் வயல் வரப்புதான். பட்டாவில் புல எண், தாலுகா ஆபீசில் புலப்படம். நிரல் எழுதுகிறவர்கள் எல்லாம் சர்வேயர் ஆகிவிடுவார்களே!

ஆகட்டுமே! 'வலை' என்றதும் மீன் பிடிக்கவா என்று இப்போது யார் கேட்கிறார்கள்? இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதல்ல.

> வழங்கியே இல்லாமல் கணினிகள் நேருக்கு நேர் பேசும் கட்டமைப்பிலும் இந்தச் சொல் நிற்குமா?

அங்கேதான் இன்னும் அதிகம் தேவைப்படும். நடுவில் வழங்கி இருந்தால் யார் யாருடைய புலவரம்புக்குள் என்பதை அதுவே கணக்கிட்டுவிடும். அது இல்லாதபோது ஒவ்வொரு கணினியும் தன் அண்டையரைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். இதற்கு, எந்த இடம் எந்தப் புள்ளிக்கு மிக அருகில் என்று பரப்பைப் பிரித்துக் காட்டும் வோரோனாய் வரைபடத்தைக் கையாளும் ஆய்வுகள் உண்டு. என் மாணவர்கள் என்எஸ்-3 என்ற வலையமைப்புப் பாவனை மென்பொருள் கொண்டு இரண்டு கட்டமைப்பையும் ஒப்பிடுகிறார்கள்.

சொல் விவாதத்துக்கு வெளியே என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாவனையில் ஆட்டக்காரர்களை மனம்போன போக்கில் நடக்கவிட்டால் எந்தக் கட்டமைப்பும் ஜம்மென்று ஓடும். மனிதர்கள் அப்படிச் சீராகப் பரவி நிற்பதில்லை, ஓரிடத்தில் குவிவார்கள். குவிந்ததும் எல்லோரும் எல்லோருடைய புலவரம்புக்குள்ளும் வந்துவிட, பழைய 9,99,000 திரும்பி வந்து நிற்கும். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டத்தில் பெரும்போர் மூண்டால் ஆட்ட நேரத்தின் வேகத்தையே பத்தில் ஒரு பங்குவரை குறைத்துவிடுகிறார்கள், வழங்கி மூச்சு விட்டுக்கொள்ள. கோடை விழாக் கூட்டத்தை ஏற்காடு ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தி ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு எழுதுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

வேறு சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள், அறிக்கை அச்சுக்குப் போகிறது. டெட் ரெக்கனிங்குக்கு (கடைசியாகத் தெரிந்த இடம், வேகம், திசையை வைத்து இப்போதைய இடத்தைக் கணிப்பதற்கு) சொல் கேட்டவர் தனி இழை தொடங்கிவிடுங்களேன். இங்கே கலந்தால் இரண்டும் குழம்பிவிடும்.