வெல்டிங் புகையால் நடை தடுமாறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் சித்தப்பா திருவெறும்பூர் பக்கம் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் ரொம்ப வருஷமாக வெல்டர், பாதி நாள் டேங்குக்குள்ளே உட்கார்ந்துதான் வேலை, முகத்துக்கு ஷீல்டு உண்டு, புகையை இழுக்க ஒரு ஃபேன்கூடக் கிடையாது. போன வருஷம் வேலையை விட்டுவிட்டார். இப்போது குதிகால் பதியாமல் நுனிக்காலில் நடக்கிறார், ஒரு அடி பின்னால் வைத்தால் சாய்ந்துவிடுகிறார்.

பார்க்கின்சன் (நடுக்குவாத நோய்) என்று அதற்கான லெவோடோபா மாத்திரை கொடுத்தார்கள், பெரிதாகக் கேட்கவில்லை. வெல்டிங் ராடில் உள்ள மாங்கனீசு என்ற உலோகம் புகையோடு போய் மூளையில் சேர்ந்தாலும் இப்படி வரலாம், அதற்கு இந்த மாத்திரை அவ்வளவாகப் பிடிக்காது என்று படித்தேன். 1837-லேயே கிளாஸ்கோவில் மாங்கனீசு அரைத்த தொழிலாளர்களுக்கு இது வந்ததை ஜான் கூப்பர் என்ற மருத்துவர் எழுதிவிட்டார், நம் பட்டறை முதலாளிகளுக்குத்தான் சேதி இன்னும் வந்து சேரவில்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாங்கனீசு படிந்தால் எம்ஆர்ஐயில் வெள்ளையாகத் தெரியுமாம், ஆனால் வேலையை விட்ட சில மாதங்களில் அது மங்கிவிடும் என்கிறார்கள், அப்படியென்றால் இப்போது எடுத்துப் பயன் உண்டா? திருச்சி, மதுரைப் பக்கம் வேலையால் வரும் நோய்களைப் பற்றித் தெரிந்த நரம்பு டாக்டர் யார்? அப்புறம், 2025 வரை அமலில் இருந்த 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் (வேலையால் வரும் நோய்களின் பட்டியல்) மாங்கனீசு நோயும் இருந்தது, அதை வைத்து யாராவது பணம் வாங்கியிருந்தால் என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள், சம்பளச் சீட்டு தவிர அவரிடம் எதுவும் இல்லை.