எள் இருக்கான்னு கேட்டா… மெனு, லேபிள் அனுபவங்கள்

லண்டன் அம்மா:
பொண்ணுக்கு எள் அலர்ஜி. லீவுக்குச் சென்னை வந்தப்போ ஓட்டல்ல பொடி தோசை கேட்டா. சப்ளையர்கிட்ட, "பொடியில எள் இருக்கா தம்பி?"ன்னேன். "இல்லக்கா." "எண்ணெய்?" முகம் அப்படியே மலர்ந்துடுச்சு. "சுத்தமான நல்லெண்ணெய்க்கா, கலப்படமே கிடையாது!" சொல்லிக்கிட்டே தட்டை அவ முன்னாடி வச்சிட்டார். அவ கை வைக்கிறதுக்குள்ள இழுத்துட்டேன். அந்தத் தம்பி பொய் சொல்லல, அதான் உறுத்துது. இங்கே லண்டன்ல எள் உட்பட 14 அலர்ஜி பொருள்ல எது இருந்தாலும் கடைக்காரர் சொல்லியே ஆகணும். 2021 அக்டோபர்லேருந்து கடையிலேயே செஞ்சு பொட்டலம் கட்டின சாண்ட்விச்சுக்கும் முழு லேபிள் வேணும். நம்மூர் மெனுவுல ஒரு வரிகூட இல்லையே?

திருச்சி மணி:
அக்கா, அங்கேயும் அது சும்மா வந்துடல. 2016-ல நடாஷான்னு 15 வயசுப் பொண்ணு லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டுல வாங்கின ரொட்டியில, மாவுக்குள்ளேயே எள் இருந்து, இறந்துபோச்சு. அந்தப் பெத்தவங்க போராடி வாங்கின சட்டம் அது. நம்மூர்ல ஒண்ணுமே இல்லைன்னும் சொல்லாதீங்க. 2020 லேபிள் விதிகள் இருக்கு. 2022 ஜூலையிலேருந்து மெனுவுல கலோரி போடணும், அலர்ஜி விவரமும் தரணும். ஆனா மத்திய அரசோட உணவு லைசென்ஸ் இருக்கிறவங்க, இல்லாட்டி பத்து கிளையாவது வச்சிருக்கிறவங்களுக்குத்தான் அது. தெருமுனை மெஸ்ஸுக்கு இல்ல. இன்னொரு கூத்து: அந்த விதியோட அலர்ஜி பட்டியல்ல கோதுமை, இறால், பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா எல்லாம் இருக்கு. எள்ளு இல்ல, கடுகும் இல்ல. நல்லெண்ணெய் ஊத்துற ஊர்ல!

சேலத்துக்காரன்:
எங்கப்பாவுக்கு சுகர். தங்கச்சி பேரீச்சம்பழ லட்டு டப்பா வாங்கிட்டு வந்தா. முன்பக்கம் கொட்டை எழுத்துல "சர்க்கரை சேர்க்கப்படாதது". ரெண்டு உள்ளே போயாச்சு. மூணாவதுக்குக் கை நீளும்போது டப்பாவைத் திருப்பிக் காட்டினேன், 100 கிராமுல பாதிக்கு மேல சர்க்கரை. கண்ணாடியைப் போட்டு நிதானமா வாசிச்சார். "இயற்கையா இருக்கிறதுடா, அவன் சேர்க்கலையே"ன்னுட்டு மூணாவதையும் வாயில போட்டுக்கிட்டார். இப்போ அந்த டப்பாவுலதான் மாத்திரை வச்சிருக்கார்.

ரிட்டயர்டு ராகவன்:
சேலத்துத் தம்பி, நீங்க ரெண்டைக் குழப்பிக்கிறீங்க. "சுகர் ஃப்ரீ"ன்னா 100 கிராமுக்கு 0.5 கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கக் கூடாது. "சேர்க்கப்படாதது"ங்கிறது வேற. அதுலயும், சர்க்கரைக்குப் பதிலா உலர்பழ விழுதைப் போட்டு இனிக்க வச்சா, நம்ம நாட்டு 2018 உணவு விளம்பர விதிப்படி அப்படி எழுதவே கூடாது. எல்லாரும் இதைப் பழகிக்கோங்க: முன்பக்கத்தை நம்பாதீங்க. மூலப்பொருள் பட்டியல்ல எடை அதிகமானதுதான் முதல்ல வரும், அதனால முதல் மூணைப் படிச்சாலே பாதி தெரிஞ்சிடும். 14 இலக்க உணவு லைசென்ஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க, ஓட்டல் பில்லுலயும் இருக்கணும். இல்லேன்னா அரசோட ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்புல போட்டோவோட புகார் கொடுங்க. பில்லைத் தூக்கிப் போடாதீங்க. பச்சைப் புள்ளின்னா சைவம், பழுப்பு முக்கோணம்னா அசைவம், பேரப் பிள்ளைங்களுக்கும் சொல்லிக்கொடுங்க. என் அனுபவமா? சொந்தக்காரர் கல்யாணத்துல ஐஸ்கிரீம்னு குடுத்தாங்க, கப்புல ஃப்ரோசன் டெஸர்ட்னு இருந்தது. பால் கொழுப்புக்குப் பதிலா தாவர எண்ணெய். அவ்வளவுதான்.

பொடிக்கடை செல்வி:
ராகவன் சார், பேரீச்சம்பழ லட்டுல பேரீச்சம்பழம்தான் லட்டே. அது எதுக்குப் பதிலா வந்ததுன்னு சொல்லுவீங்க? வீட்டுல உட்கார்ந்து விதி படிக்கிறது சுலபம்.

நான் பருப்புப் பொடி விக்கிறேன், பிராண்ட் பேருலயே "பாரம்பரிய" இருக்கு. ஒரு அதிகாரி வந்து பாக்கெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் பையிலேருந்து ஸ்கேலை எடுத்து மேசையில வச்சார். "இது பிராண்ட் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல"ன்னு 3 மில்லிமீட்டர் எழுத்துல போடணும்னார். எங்க பாட்டி சொன்ன அளவுல, நானே வறுத்து அரைக்கிற பொடி சார். அதுமேல "உண்மை இல்ல"ன்னு நானே ஒட்டணுமாம்! பெரிய கம்பெனிக்காரங்க பாக்கெட்ல அதே வரி எந்த மூலையில இருக்குன்னு தேடிப் பாருங்க. இருக்கும், பூதக்கண்ணாடி வேணும். பேசாம "ஒரிஜினல்"னு மாத்திடலாமான்னு யோசிக்கிறேன்.

ரிட்டயர்டு ராகவன்:
"ஒரிஜினல்" போட்டாலும் அதே 3 மில்லிமீட்டர்தாம்மா.